பாம்புக்காது வாங்கிய ரெக்கார்டர்

படத்துக்கு ஒலி பிடிக்கிறவர்கள் மத்தியில் அவருக்குப் பாம்புக்காது என்று பெயர். பல வருஷங்களுக்கு முன்னால் ஒரு படப்பிடிப்பில், பக்கத்து அறையில் கைக்கடிகாரம் ஓடுகிற சத்தம் கேட்கிறது என்று சொல்லி வேலையை நிறுத்தினார். எல்லோரும் சிரித்தார்கள். போய்ப் பார்த்தால் மேசை இழுப்பறைக்குள், துணி சுற்றி, ஒரு கடிகாரம் இருந்தது. அன்றைக்கு ஒட்டிக்கொண்ட பெயர். நாளடைவில் தேய்ந்து ‘பாம்பண்ணன்’ ஆகிவிட்டது. ‘பாம்பண்ணா!’ என்று யாராவது கூப்பிட்டால் புதிதாக வந்தவர்கள் காலைத் தூக்கிக்கொண்டு தரையைப் பார்ப்பார்கள்.

அவருடைய பழைய ரெக்கார்டர் பதினோரு வருஷம் உழைத்தது. ஒரு நாள் பாட்டரி கசிந்து உள்ளே பச்சை பூத்து உயிரை விட்டது. பழுது பார்க்கிறவர் மூடியைத் திறந்தார், பார்த்தார், திரும்ப மூடிக் கையில் கொடுத்தார்.

டைரக்டரம்மாவின் படம் தொடங்க இருந்ததும் அதே வாரம்தான். இருபத்தெட்டு வயதுப் பெண், முதல் படம். ‘அம்மா’ சேர்த்துக் கூப்பிட்டது கேலிக்குத்தான் என்றாலும் அவள் அதைக் கோபித்துக்கொண்டதில்லை. எடுக்கப்போவது ஆவணப்படம். பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் ஒரு நூல் ஆலையில் பட்டப்பகலில் தீப்பிடித்தது. வெளிக்கதவு பூட்டியிருந்தது. நூற்புப் பிரிவில் இருந்த பெண்களில் ஒரே ஒருத்திதான் உயிரோடு வெளியே வந்தாள். புகை அவள் தொண்டையைத் தின்றுவிட்டது. அதற்குப் பிறகு அவளுக்குக் குரல் கிடையாது. வெறும் மூச்சில்தான் பேசுவாள். பாலுக்குக் கணக்குச் சொன்னாலும் பக்கத்து வீட்டுக்காரியைத் திட்டினாலும் காதோடு ரகசியம் சொல்கிற மாதிரி இருக்கும். அதனால் தெருவே அவளை ரகசியக்கா என்று கூப்பிட்டது.

உள்ளே என்ன நடந்தது என்று ரகசியக்கா யாரிடமும் சொன்னதில்லை. விசாரணைக்கு வந்தவர்களிடமும் “ஞாபகம் இல்ல” என்று சொல்லிவிட்டாள். டைரக்டரம்மா ஒரு வருஷம் அந்த வீட்டுக்கு நடையாக நடந்தாள். கேமரா எடுத்துப் போகவில்லை. காய் நறுக்கிக் கொடுத்தாள், ஆஸ்பத்திரி வரிசையில் கூட உட்கார்ந்தாள். கடைசியில் ரகசியக்கா தானாகவே சொன்னாள்: “ஒரு தடவ சொல்றேன். ஒரே ஒரு தடவ. அப்புறம் யாரும் கேக்கக் கூடாது.”

இதைச் சொல்லத்தான் டைரக்டரம்மா பாம்பண்ணனைத் தேடி வந்தாள்.

“அண்ணா, படம் கொஞ்சம் மங்கலா இருந்தாக்கூட ஓட்டிடலாம். அவங்க குரல் போச்சுன்னா எல்லாமே போச்சு. ரெக்கார்டர நீங்களே பாத்து எடுங்க. படத்துக்குச் செலவு பண்ற அறக்கட்டளையில பணம் ஒதுக்கிட்டாங்க, விலையப் பத்தி யோசிக்காதீங்க. எது நல்லதுன்னு மட்டும் பாருங்க.”

“அத எங்கிட்ட விடும்மா,” என்றார் அவர்.

கடைக்காரர் கண்ணாடிப் பெட்டியின் மேல் இரண்டு ரெக்கார்டர்களை எடுத்து வைத்தார். ஒன்று இரும்பு உடம்பு, செங்கல் கனம். திரை தீப்பெட்டி அளவுதான். குமிழைத் திருகித் திருகித்தான் ஒலியின் அளவை வைக்க வேண்டும். மற்றது உள்ளங்கையில் அடங்கியது. திரை பெரிதாக, பளிச்சென்று இருந்தது. மைக் சொருக இரண்டிலும் ஒரே மாதிரித் துளைகள்.

“இந்தச் சின்னதுல லெவல் வைக்கிற வேலையே இல்ல சார்,” என்றார் கடைக்காரர். “கத்தினாலும் உடையாது, முணுமுணுத்தாலும் காணாமப் போகாது. அப்படியே பதிவு பண்ணிட்டுப் பின்னால ஏத்தி எறக்கிக்கலாம். காதே வேணாம்னு வச்சுக்கங்களேன்.” சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். “உங்களச் சொல்லல சார். பொதுவாச் சொன்னேன்.”

“கனமானது?”

“அது பழைய மாதிரி. ஆளுக்கு வேலை வைக்கும். ஆனா உள்ள இருக்கிற சரக்கு சுத்தம்னு சொல்றாங்க. ரெண்டையும் வீட்டுக்குக் கொண்டுபோய் ரெண்டு நாள் வச்சுக் கேட்டுப் பாருங்க. நீங்க எதச் சொல்றீங்களோ, அதத்தான் நாளைக்கு மத்தவங்களுக்கும் நான் சொல்லப்போறேன்.”

காதே வேண்டாம் என்று கடைக்காரர் சொன்னது பாம்பண்ணனுக்குள் எங்கேயோ போய் உட்கார்ந்துகொண்டது.

மறுநாள் விடுமுறை. படுக்கையறையின் ஜன்னலைச் சாத்தினார். சுவர்க் கடிகாரத்தைக் கழற்றிக் கூடத்தில் வைத்தார். ஒரே மைக்கை முதலில் கனமான பெட்டியிலும் பிறகு சின்னப் பெட்டியிலும் சொருகி, ஆள் பேசாத அறையைப் பதிவு செய்தார். பின்பு செய்தித்தாளை எடுத்து, அக்கம் பக்கத்துக்குக் கேட்காத குரலில், இரண்டிலும் ஒரே பத்தியை வாசித்தார். ஹெட்போனை மாட்டி மாற்றி மாற்றிக் கேட்டார்.

இரண்டும் ஒன்றுபோலவே இருந்தன.

அப்படி இருக்காது என்று அவருக்குத் தெரியும். எந்த இரண்டு பெட்டியும் ஒன்றுபோல இருக்காது. மைக்கிலிருந்து வருகிற சின்னக் குரலைப் பெரிதாக்கும்போது ஒவ்வொரு பெட்டியும் தன் பங்குக்குக் கொஞ்சம் இரைச்சலைச் சேர்க்கும். அந்த இரைச்சலைக் கேட்டு எடைபோடுவதுதான் அவர் தொழில். ஆனால் இரண்டு வருஷமாகவே சில சத்தங்கள் அவரிடம் சொல்லிக்கொள்ளாமல் போயிருந்தன. தொலைக்காட்சியின் ஒலியைக் கூட்டிக்கொண்டே போனார். போன கோடையில் “இந்த வருஷம் கொசுவே இல்ல பாத்தியா” என்று பெருமையாகச் சொன்னார். கையெல்லாம் தடித்துப்போய் நின்ற அவர் மனைவி, ஆளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “ஆமா, எல்லாம் என்னோட மட்டும் குடித்தனம் பண்ணுது” என்றாள். இருவரும் சிரித்தார்கள். பேச்சு அதோடு முடிந்தது.

அவள் மருந்துக் கடையில் வேலை பார்த்தாள். காலை வேலை முடிந்து வந்தவள், கட்டிலில் ஒயர்களோடு உட்கார்ந்திருந்தவரைப் பார்த்தாள்.

“நானும் கேக்கட்டுமா?”

ஹெட்போனை மாட்டிக்கொண்டாள். கனமான பெட்டியைக் கேட்டுவிட்டு, “ஒண்ணுமே இல்லையே, அமைதியா இருக்கு” என்றாள். சின்னதைக் கேட்டதும் புருவத்தைச் சுருக்கினாள். “இதுல மழை பெய்யுதே.”

“என்ன மழை?”

“தூரத்துல தகரக் கூரை மேல தூறல் விழற மாதிரி. உஸ்ஸுன்னு. உங்களுக்குக் கேக்கல?”

“காலி அறையப் பெருசாக்கிக் கேட்டா அப்படித்தான் இருக்கும். பேச்சு வந்துட்டா அது அடங்கிடும்.”

“அப்போ இன்னொண்ணுல ஏன் மழை பெய்யல?”

அவருக்குச் சுருக்கென்றது. “டாக்டர் கிறுக்கினதப் படிக்கிறது உன் வேலை. நான் என்னைக்காவது அதுல மூக்க நுழைச்சிருக்கேனா? இது என் வேலை.”

அவள் ஹெட்போனைக் கழற்றித் தலையணை மேல் வைத்துவிட்டு அடுப்படிக்குப் போனாள். பாத்திரங்கள் சற்று அதிகமாகவே உருண்டன. அந்தச் சத்தம் அவருக்கு நன்றாகவே கேட்டது.

அன்றைக்கே அவருக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் மழை பெய்கிறது என்று ஒப்புக்கொண்டால், தனக்கு அது கேட்கவில்லை என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். பிறகு இரண்டு வருஷமாகக் கேட்காமல் போனதையெல்லாம் ஒவ்வொன்றாக வெளியே எடுக்க வேண்டும். அளவே வைக்க வேண்டியதில்லை என்கிற பெட்டி ஒன்று கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. மறுநாள் கடையில், “சின்னதே போதும்” என்றார். கடைக்காரர், “பாம்புக்காதே சொல்லிட்டா அப்பீல் உண்டா?” என்று பெட்டியைக் கட்டிக் கொடுத்தார்.

ரகசியக்காவின் வீடு இரண்டாவது மாடியில் ஒற்றை அறை. மத்தியானம் மூன்று மணிக்குக் குளிர்பெட்டியை அணைத்து, மின்விசிறியை நிறுத்தி, தெருப்பக்க ஜன்னலில் கெட்டியான போர்வையைத் தொங்கவிட்டார்கள். கேமராவை டைரக்டரம்மாவே சுவரோரம் நிறுத்தி ஓடவிட்டாள். பாம்பண்ணன் கழுத்தருகே குத்துகிற சின்ன மைக்கை எடுத்ததும் ரகசியக்கா பின்வாங்கினாள். தழும்பை மறைத்துச் சுற்றியிருந்த துணியை இறுக்கிக்கொண்டாள். அதனால் நீள மைக்கையே கம்பியில் பொருத்தி, அவள் தலைக்கு மேல் ஒரு முழ உயரத்தில் நிறுத்தினார்.

“அண்ணா, சரியா இருக்கா?”

அவர் கட்டைவிரலை உயர்த்தினார்.

ரகசியக்கா பேசத் தொடங்கினாள். அவர் காதில் காற்று மட்டும் விழுந்தது. அங்கங்கே ஒரு ‘ம’, ஒரு ‘ஓ’. ‘ச’வும் ‘த’வும் ‘க’வும் வருகிற இடமெல்லாம் ஓட்டை. குரலில்லாத பேச்சு என்பது முழுக்க அந்த மெல்லிய ஓசைகள்தான். அவரை விட்டுப் போயிருந்ததும் அதே ஓசைகள்தான். பயத்தில் திரையைப் பார்த்தார். பச்சைக் கோடுகள் அவள் மூச்சுக்கேற்ப ஏறி இறங்கின. பதிவாகிறது, பெட்டி பார்த்துக்கொள்ளும் என்று நினைத்துக்கொண்டார்.

முதல் கால் மணி நேரம் ரகசியக்கா டைரக்டரம்மாவைப் பார்த்துத்தான் பேசினாள். ஒரு கட்டத்தில் அந்தப் பெண் தாங்கமாட்டாமல் குனிந்துகொண்டாள், தோள்கள் குலுங்கின. ரகசியக்கா ஒரு கணம் நிறுத்தினாள். பிறகு முகத்தை அவர் பக்கம் திருப்பினாள். தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. பேசுகிறவர் தயங்கினால், ஹெட்போன் மாட்டியவர் தலையை மெல்ல ஆட்டி, நன்றாக வருகிறது, மேலே சொல்லுங்கள் என்று காட்டுவார். அவர் தலையாட்டினார்.

அவள் அவரைப் பார்த்தே சொன்னாள். நெடுநேரம் சொன்னாள். அவர் ஆட்டிக்கொண்டே இருந்தார். நடுவில் ஒருமுறை தன் இடது மணிக்கட்டை முன்னால் நீட்டி, அதை யாரோ பற்றியிருக்கிற மாதிரியும், அந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரிக்கிற மாதிரியும் வலது கையால் செய்து காட்டினாள். ஐந்து விரல்கள். அதற்கும் அவர் தலையாட்டினார்.

முடிந்ததும் ரகசியக்கா எழுந்து முகம் கழுவிக்கொண்டு வந்தாள். பத்து வயது குறைந்த மாதிரி இருந்தாள். எல்லோருக்கும் தண்ணீர் கொடுத்தாள். அவருக்கு டம்ளரை நீட்டும்போது உதடு அசைந்தது. என்ன என்று தெரியாமல் அவர் சிரித்து வைத்தார்.

ஐந்து நாள் கழித்து எடிட்டரின் அறைக்குக் கூப்பிட்டார்கள். எடிட்டர் வாயில் பேனா மூடியைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். டைரக்டரம்மா நின்றுகொண்டிருந்தாள்.

“அண்ணா, இத ஒரு தடவ கேளுங்க,” என்று ஒலிபெருக்கியில் போட்டான். திரையில் ரகசியக்காவின் வாய் அசைந்தது.

“ம்,” என்றார் அவர்.

“என்ன ம்? ஒரே உஸ்ஸு. அடுப்புல தோசக்கல்லு காயற மாதிரி. நடுவுல எங்கயோ ஒரு ஆள் இருக்காங்க.”

“இரைச்சல எடுக்கிற கருவிதான் வச்சிருக்கியே. போட்டு எடு.”

“போட்டுட்டேன்ணா. மத்தவங்க குரலா இருந்தா எடுத்துருவேன். இவங்க குரலே காத்து. இரைச்சலும் காத்து. காத்துலருந்து காத்த எப்படிப் பிரிக்கிறது? எடுத்தா அவங்களும் சேந்து போயிடறாங்க.” இன்னொரு துண்டைப் போட்டுக் காட்டினான். தண்ணீருக்குள் யாரோ பேசுவதுபோல் இருந்தது. அது மட்டும் அவருக்கும் கேட்டது. “கேமரா மைக்ல இருக்கிறது அதவிட மோசம். இது படப்பிடிப்பு அன்னைக்கே ஹெட்போன்ல கத்தியிருக்குமே? நீங்க எப்படி விட்டீங்க?”

அவர் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

“எனக்குக் கேக்கலப்பா.”

“என்னண்ணா?”

“எனக்குக் காது கேக்கல. ரெண்டு வருஷமா.”

எடிட்டர் பேனா மூடியை வாயிலிருந்து எடுத்தான். டைரக்டரம்மா கத்துவாள் என்று எதிர்பார்த்தார். அவள் கத்தவில்லை. “அவங்க உங்களப் பாத்துத்தானேண்ணா சொன்னாங்க,” என்று மட்டும் சொன்னாள். சத்தமாகத்தான் சொன்னாள், அவருக்காக.

அந்த வாரமே மனைவி காது மருத்துவரிடம் கூட்டிப்போனாள். கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து, சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். பாதிக்கு மேல் அவர் அழுத்தவே இல்லை. மருத்துவர் தாளில் கோடு போட்டுக் காட்டினார். இடமிருந்து வலமாகச் சமமாக வந்த கோடு, பாதி வழியில் மாடிப்படியிலிருந்து விழுந்த மாதிரி இறங்கியது. போனது திரும்பாது, கருவி வைத்துக்கொண்டால் வீட்டில் பேசிப் புழங்கலாம், தொழிலுக்கு உதவாது. படியிறங்கும்போது அவர், “நீ மழை பெய்யுதுன்னு சொன்னப்பவே எனக்குத் தெரியும்,” என்றார்.

“எனக்கும் தெரியும்,” என்றாள் அவள். “அன்னைக்கு இன்னும் கொஞ்சம் சண்ட போட்டிருக்கணும்.”

டைரக்டரம்மா தனியாகப் போய், பதிவு சரியாக வரவில்லை, இன்னொரு தடவை சொல்ல முடியுமா என்று ரகசியக்காவிடம் கேட்டாள். அவள் இரண்டு வாரம் பிடி கொடுக்கவில்லை. பிறகு, “கூட்டிட்டு வா, உனக்காக,” என்றாள்.

இந்த முறை கனமான பெட்டியை வாடகைக்கு எடுத்தார்கள். மனைவி விடுப்புப் போட்டுவிட்டு வந்தாள். வேறு ஒலிக்காரரைக் கூப்பிடலாம் என்று டைரக்டரம்மா சொன்னபோது, புது ஆம்பளையைப் பார்த்தால் அக்கா பேசமாட்டாள் என்று அவர்தான் தடுத்திருந்தார். அவர் குமிழைத் திருக, மனைவி ஹெட்போனை மாட்டிக்கொண்டு கையால் ஏற்று, இறக்கு என்று சைகை காட்டினாள். சுத்தமாக இருந்தது. நூல் இழுத்த மாதிரி இருந்தது என்று பிற்பாடு சொன்னாள்.

ரகசியக்கா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். உதடு அசைந்தது. மனைவி அதைச் சத்தமாகத் திருப்பிச் சொன்னாள்: “இன்னைக்கு ஏன் நீங்க காதுல மாட்டலன்னு கேக்கறாங்க.”

மெஷினில் கோளாறு என்று சொல்லியிருக்கலாம். வழியெல்லாம் அதைத்தான் யோசித்து வைத்திருந்தார். அந்த முகத்தைப் பார்த்ததும் வாய் வரவில்லை.

“எனக்குக் காது சரியில்லக்கா. அன்னைக்கு நீங்க சொன்னது எனக்குக் கேக்கல.”

அவள் கேட்டதை மனைவி மறுபடியும் சொன்னாள். “அப்போ தலையாட்டினீங்களேன்னு கேக்கறாங்க.”

“பழக்கத்துல ஆட்டிட்டேன்.”

ரகசியக்கா கழுத்துத் துணியைச் சரிசெய்துகொண்டாள். பிறகு டைரக்டரம்மாவைப் பார்த்து, ஆரம்பிக்கலாம் என்று கையைக் காட்டினாள்.

அவள் பேசியது ஒன்பது நிமிஷம். புகை வந்தது. எல்லோரும் ஓடினார்கள். கதவு பூட்டியிருந்தது. ஜன்னல் கம்பி ஒன்று இளகியிருந்தது, அது வழியாக வந்தேன். மற்றவர்களால் வர முடியவில்லை. விசாரணைக் காகிதத்தில் பிறர் எழுதியது அப்படியே வரி வரியாக வந்தது. ஒவ்வொரு எழுத்தும் துல்லியமாகப் பதிவாயிற்று.

டைரக்டரம்மா முன்னால் சாய்ந்தாள். “அக்கா, அன்னைக்கு ஒரு கையப் பத்திச் சொன்னீங்களே...”

“எந்தக் கை?”

“உங்களப் பிடிச்சிருந்தவங்க...”

“நான் அப்படி எதுவும் சொல்லலியேம்மா,” என்றாள் ரகசியக்கா. முகத்தில் கோபமில்லை. “எனக்கு ஒண்ணும் ஞாபகம் இல்ல.”

இறங்கும்போது யாருக்கும் தண்ணீர் கிடைக்கவில்லை. கேட்கவும் யாருக்கும் தோன்றவில்லை.

படம் முடிந்தது. அந்த ஒன்பது நிமிஷத்தில் நான்கைத்தான் வைக்க முடிந்தது. அறக்கட்டளைக்காரர்கள் ஒரு சின்ன அரங்கத்தில் திரையிட்டார்கள். நேர்த்தியாக எடுத்திருக்கிறார்கள், ஆனால் தெரிந்த விஷயம்தானே என்று இருவர் பேசிக்கொண்டு போனார்கள். ரகசியக்கா வரவில்லை. அழைக்கப் போனபோது வீடு பூட்டியிருந்தது. உறவுக்காரர்களோடு எங்கோ போய்விட்டதாகக் கீழ்வீட்டில் சொன்னார்கள்.

அரங்கத்துக்கு வெளியே பஸ் நிறுத்தத்தில் அவரும் மனைவியும் டைரக்டரம்மாவோடு நின்றார்கள். அவர் காதில் புதிய கருவி இருந்தது. வண்டிகளின் சத்தமெல்லாம் தகரத்தில் தட்டுவதுபோல் வந்து விழுந்தது.

“நீ முதல் நாள் எல்லாத்தையும் கேட்டேல்ல?” என்று டைரக்டரம்மாவிடம் கேட்டார்.

“கேட்டேன்.”

“அந்தக் கை யாரோட கை?”

அவள் தெருவையே பார்த்தாள். அவள் நெருங்கி வந்து சொன்னால் கேட்கும் என்று அவர் காதை அவள் பக்கம் சாய்த்தார்.

“அவங்க சொல்லவே இல்லன்னு சொல்லிட்டாங்களேண்ணா,” என்றாள். “அத நான் எப்படிச் சொல்றது?”

“எங்கிட்டதானேம்மா சொன்னாங்க.”

“ஆமாண்ணா. உங்ககிட்டதான் சொன்னாங்க.”

மனைவி அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். டைரக்டரம்மாவின் பஸ் வந்தது. ஏறி, கூட்டத்துக்குள் நகர்ந்து, உள்பக்கமாகத் திரும்பி நின்றுகொண்டாள். அவர்களுடைய பஸ் வர இன்னும் அரை மணி நேரம் இருந்தது. கருவியைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு அவர் அங்கேயே நின்றார்.